ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, ஆனா பசங்க வாயே திறக்கல. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

ஒன்பதாங்கிளாஸ் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். வட மாவட்டத்துல ஒரு கவர்மென்ட் ஹைஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கறேன், ஒன்பதாவதுல 42 பசங்க. இந்த வருஷம் ஜூன்லதான் எங்க கிளாசுக்கு ஸ்மார்ட் போர்டு வந்துச்சு, நெட்டும் குடுத்தாங்க. அன்னிக்கு பசங்க முகத்துல இருந்த சந்தோஷத்த பாத்துட்டு நானும் ராத்திரி கண்ணு முழிச்சு ஒவ்வொரு பாடத்துக்கும் பிபிடி செஞ்சேன், புக்ல இருக்கற க்யூஆர் கோடு வீடியோ, மணற்கேணி ஆப் வீடியோன்னு எது கெடைச்சாலும் எடுத்து நடுநடுவுல சேத்தேன்.

மூணு மாசம் ஆச்சு. இப்ப என்ன நடக்குதுன்னா ஸ்லைடு மாறுன உடனே 42 தலையும் குனிஞ்சிடுது, ஸ்லைடுல இருக்கறத அப்படியே நோட்டுல எழுதறாங்க, நான் பேசறது யார் காதுலயும் விழல. அடுத்த ஸ்லைடு போனா "மிஸ் மிஸ் இன்னும் முடிக்கல மிஸ்"னு ஒரே கூச்சல். புரிஞ்சுதான்னு கேட்டா கோரஸா "புரிஞ்சுது மிஸ்". டவுட்டு கேளுங்கன்னா கப்சிப். எப்பவும் முன் பெஞ்ச் நாலு பேர்தான் பதில் சொல்றது. போன வாரம் மின்னூட்டமும் மின்னோட்டமும் பாடத்துல டெஸ்ட் வெச்சேன், டெஃபனிஷன்லாம் ஒரு எழுத்து பிசகாம எழுதியிருக்காங்க, ஆனா சின்னதா ஒரு சர்க்யூட் படம் போட்டு ஒரு கேள்வி கேட்டதுக்கு முக்காவாசி பேர் இடத்த காலியா விட்டுட்டாங்க.

அதுக்கு மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருந்தேன். கடைசி பெஞ்ச்ல உக்கார்ற பொண்ணு, வருஷம் பூரா ஒரு வார்த்தை பேசாதவ, பக்கத்துல வந்து "மிஸ், சுவிட்ச போட்ட உடனே லைட் எரியுதே, எலக்ட்ரான் அவ்ளோ வேகமாவா ஓடும்?"னு கேக்கறா. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஏம்மா இத கிளாஸ்ல கேக்கலன்னேன். "எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க மிஸ்"ங்கறா.

என் கேள்வி இவ்ளோதான். இந்த போர்டு, நெட், ஆப் எதையாவது வெச்சு அந்தப் பொண்ணோட கேள்விய பஸ் ஸ்டாப்ல இருந்து கிளாசுக்குள்ள கொண்டு வர முடியுமா? பசங்க ஸ்கூலுக்கு போன் கொண்டு வரக்கூடாது, பாதி வீட்டுல அப்பாவோட ஒரே போன்தான். ஹைடெக் லேப்ல வாரத்துக்கு ஒரு பீரியடு கெடைக்கும், 20 சிஸ்டம் ஓடுது. பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

கணக்கு வாத்தியார்:

டீச்சர் நீங்க எழுதினத படிச்சப்ப என் கிளாஸயே பாத்த மாதிரி இருந்துச்சு. நான் 22 வருஷமா கணக்கு எடுக்கறேன், ப்ரொஜெக்டர் காலத்துல இருந்தே இந்த காப்பி அடிக்கற வியாதி இருக்கு. பசங்கள தப்பு சொல்ல முடியாது, எழுத்து கண்ணு முன்னாடி இருந்தா கை தானா எழுதும், அத அவங்களுக்கு ஒண்ணாவதுல இருந்து நாமதானே பழக்கினோம்.

முதல்ல ஸ்லைடுல இருந்து வாக்கியத்த எல்லாம் தூக்குங்க. படம் மட்டும் இருக்கட்டும், பேச்சு உங்களோடதா இருக்கட்டும். கலிஃபோர்னியாவுல ரிச்சர்ட் மேயர்னு ஒரு உளவியல் பேராசிரியர் இதையே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கார், படத்தோட விளக்கத்த காதால கேட்டா நல்லா ஏறுது, அதே விளக்கத்த எழுத்தாவும் சேத்து திரையில போட்டா புரியறது கொறையுது. கண்ணு படத்தையும் எழுத்தையும் மாத்தி மாத்தி பாக்க வேண்டியிருக்கு, அதுலயே கவனம் போயிடுது. நோட்ஸ் வேணும்னா கடைசி பத்து நிமிஷம் தனியா எழுதப் போடுங்க, அது வரைக்கும் பேனா மூடியே இருக்கட்டும்னு சொல்லிடுங்க. முதல் வாரம் முனகுவாங்க, அப்புறம் பழகிடும்.

இன்னொண்ணு, ஸ்லைடு ஷோ ஓடும்போது கீபோர்டுல பி (B) அமுக்குனா திரை கறுப்பாயிடும், திரும்ப அமுக்குனா வந்துரும். பவர்பாயின்ட்டுலயும் வேல செய்யும், கூகுள் ஸ்லைட்ஸ்லயும் வேல செய்யும். பசங்ககிட்ட ஏதாவது பேசணும்னா நான் முதல்ல திரைய அணைச்சுடுவேன். வெளிச்சம் போன அந்த நிமிஷம் எல்லா கண்ணும் என்கிட்ட வரும் பாருங்க, அதுக்கு ஈடு எதுவும் இல்ல.

அப்புறம் ஃபான்ட் விஷயம் கேக்காமயே சொல்றேன், நிறைய பேர் மாட்டிக்கறாங்க. வீட்டுல பழைய வானவில்லுலயோ பாமினியிலயோ டைப் பண்ணி பென் டிரைவ்ல எடுத்துட்டு போனா ஸ்கூல் சிஸ்டத்துல அந்த ஃபான்ட் இருக்காது, தமிழுக்கு பதிலா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கமாவுமா கொட்டி கெடக்கும், 42 பேர் முன்னாடி நிக்கறப்ப கையும் ஓடாது காலும் ஓடாது. யூனிகோடுல அடிங்க. 2010லயே நம்ம அரசு யூனிகோட ஏத்துக்கிட்டாச்சு, இன்னமும் பழைய ஃபைல சுமந்துட்டு திரியறோம். டைப்பிங் வராதுன்னா கூகுள் டாக்ஸ்ல வாய்ஸ் டைப்பிங் தமிழுக்கு இருக்கு, பேசினா அடிக்கும். எதுக்கும் ஒரு பிடிஎஃப் காப்பியும் கையில வெச்சுக்கோங்க.

---

மேல்நிலை பிசிக்ஸ்:

சார் சொன்னது எல்லாமே சரி, ஆனா டீச்சரோட கேள்வி ஸ்லைடு பத்தி இல்லன்னு நெனைக்கறேன், 42 பேரையும் எப்படி பதில் சொல்ல வைக்கறதுங்கறதுதான். அதுக்கு நான் ரெண்டு வருஷமா பண்றத சொல்றேன்.

ப்ளிக்கர்ஸ்னு ஒரு ஆப். பசங்ககிட்ட போனே வேண்டாம், உங்க ஒரு போன் போதும். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பேப்பர் கார்டு, அதுல கறுப்பு வெள்ளை கட்டமா ஒரு உருவம் இருக்கும், ஒவ்வொரு கார்டுக்கும் உருவம் வேற. நாலு பக்கமும் ஏ பி சி டின்னு பொடிசா அச்சாகியிருக்கும், தன்னோட பதில் எதுவோ அந்த எழுத்து மேல வர்ற மாதிரி கார்ட திருப்பி தூக்கிப் பிடிக்கணும். நீங்க போன் கேமராவ கிளாஸ் மேல ஒரு சுத்து சுத்துனா யார் என்ன சொன்னாங்கன்னு உங்க போன்ல வந்துடும், போர்டுல எத்தன பேர் எதுக்கு போட்டாங்கன்னு மட்டும் காட்டலாம். இதுல என்ன அழகுன்னா பக்கத்துல இருக்கறவனுக்கு இவன் என்ன பதில் சொன்னான்னு தெரியாது. நீங்க சொன்ன "திரும்பிப் பாப்பாங்க" பயம் அங்கயே போயிடும். கார்ட அவங்க சைட்லயே எடுத்து பிரின்ட் போட்டுக்கலாம், கெட்டி அட்டையில ஒட்டுங்க, பளபளன்னு லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, வெளிச்சம் பட்டு கேமரா படிக்காது.

ஆனா ஆப்ப விட கேள்விதான் முக்கியம். மனப்பாடம் பண்ணுன பையனையும் யோசிக்க வைக்கற கேள்வியா இருக்கணும். உங்க பாடத்துக்கே ஒண்ணு தர்றேன்: ஒரு பேட்டரி, ஒரே மாதிரி ரெண்டு பல்பு, தொடர் இணைப்பு. எந்த பல்பு பிரகாசமா எரியும்? ஏ: பாசிட்டிவ் பக்கத்துல இருக்கறது, பி: நெகட்டிவ் பக்கத்துல இருக்கறது, சி: ரெண்டும் ஒண்ணாதான், டி: ரெண்டுமே எரியாது. நிறைய பேர் முதல் பல்பு கரன்ட்ட "சாப்பிட்டுடும்", அடுத்ததுக்கு மிச்சம்தான் போகும்னு நெனைப்பாங்க. ப்ளஸ் டூ பசங்களே என்கிட்ட அப்படி சொல்லியிருக்காங்க.

முதல் ஓட்டு முடிஞ்ச உடனே பதில சொல்லிடாதீங்க!! அங்கதான் நாம எல்லாரும் அவசரப்படறது. "உன்னோட வேற பதில் சொன்னவன கண்டுபிடிச்சு ரெண்டு நிமிஷம் வாதாடு"ன்னு விடுங்க, அப்புறம் ரெண்டாவது ஓட்டு. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, ஹார்வர்டுல எரிக் மஸூர்ங்கற பிசிக்ஸ் பேராசிரியர் 1991ல இருந்து பண்ணிட்டு வர்ற முறை. டீச்சர் சொல்லி புரியாதது பக்கத்து பையன் சொன்னா புரியும், ஏன்னா அவனும் இப்பதான் அந்த குழப்பத்துல இருந்து வெளிய வந்திருக்கான், எங்க தடுக்கும்னு அவனுக்கு தெரியும்.

அதுக்கப்புறம் ஃபெட்னு (PhET) ஒரு சைட்ல இருக்கற சர்க்யூட் சிமுலேஷன, அதாவது கம்ப்யூட்டர்லயே பண்ணிப் பாக்கற சோதனைய, போர்டுல ஓட்டிக் காட்டுங்க. நோபல் வாங்குன கார்ல் வீமன் 2002ல கொலராடோ யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சது, இலவசம், தமிழ்லயும் இருக்கு. ஒரு ஃபைலா டவுன்லோடு பண்ணி வெச்சா நெட் இல்லாமயே ஓடும். அதுல ஒயருக்குள்ள எலக்ட்ரான் உருண்டையா நகர்றது தெரியும். பல்புக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே வேகத்துலதான் போகும், அத பாத்தாலே "சாப்பிடறது" கதை உடைஞ்சிடும்.

---

சாக்பீஸ்:

கொஞ்சம் மாத்தி பேசறேன், கோச்சுக்காதீங்க. கார்டு, ஆப், சிமுலேஷன்னு எல்லாத்தையும் கத்துக்கிட்டு நாற்பது நிமிஷத்துக்குள்ள ஓட்டணும்னா கரன்ட் இருக்கணும், நெட் இருக்கணும், போன்ல சார்ஜ் இருக்கணும், கல்வித்துறையோட எமிஸ்ல அட்டெண்டன்ஸ் போட்டு முடிச்சிருக்கணும். எங்க ஸ்கூல்ல மழை வந்தா நெட் போயிடும். நான் பண்றது வேற. எல்லாரும் கண்ண மூடுங்க, பதில் ஏ-ன்னா ஒரு விரல், பி-ன்னா ரெண்டு விரல், நெஞ்சோட ஒட்டி வெச்சு காட்டுங்கன்னு சொல்வேன். அஞ்சு செகண்டுல 42 பதிலும் தெரிஞ்சுடும், யாரும் யாரையும் பாக்கல.

டவுட்டு கேக்க கூச்சமா இருந்தா கிளாஸ் வாசல்ல ஒரு டப்பா, பேர் எழுதாத சீட்டு. இதுக்கு எதுக்கு போர்டு? பாசிட்டிவ் நெகட்டிவ்னு திரையில காட்டறத விட பத்து ரூபா செல்லு, ரெண்டு டார்ச் பல்பு, ஒயர் வாங்கி பசங்க கையில குடுங்க டீச்சர். சுட்டுக்கிட்டாலும் மறக்க மாட்டாங்க.

---

மேல்நிலை பிசிக்ஸ்:

சாக்பீஸ் சார், விரல் முறை அருமை, நெட் போற அன்னிக்கு நானும் அதான் பண்றேன். நிஜ பல்பு வேணும்ங்கறதுலயும் மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா ரெண்டு விஷயம். நிஜ ஒயருக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்க முடியாது, சிமுலேஷன் அத காட்டுது. கடையில வாங்குற ரெண்டு பல்பும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது, ஒண்ணு லேசா மங்கலா எரிஞ்சா பசங்க "பாத்தீங்களா நான் சொன்னேன்ல"ன்னு தப்பான முடிவுக்கு போயிடுவாங்க, அப்ப ரெண்டு பல்போட இடத்தையும் மாத்திப் போட்டு காட்டணும். அப்புறம் கார்டுல பதில் பதிவாகி நிக்குது, சாயங்காலம் உக்காந்து யார் எந்த கேள்வியில தடுமாறுனாங்கன்னு பேரோட பாக்கலாம். விரல்ல அது மறந்து போயிடும் சார், 42 பேர எப்படி ஞாபகம் வெச்சுக்கறது.

---

யாழ் ரீச்சர்:

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறன். வட்ஸ்அப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல, அதால எழுதுறன்.

2022ல எங்கட நாட்டில பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடங்கள் மூடினதும் கரண்ட் மணித்தியாலக் கணக்கில நிண்டதும் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்த நேரம் சூமில பாடம் எடுக்கிறதெண்டால் கரண்ட் இருக்கிற நேரமாப் பாக்கோணும், பிள்ளையளிட்ட டேற்றாவும் இருக்கோணும், ரெண்டும் ஒண்டா வராது. கடைசியில எங்களுக்குக் கைகுடுத்தது வொய்ஸ் மெசேஜ்தான். மூண்டு நிமிசத்துக்கு மேல போகாமல் ஒரு விசயத்தைச் சொல்லி, கையால கீறின ஒரு படத்தைப் படம்பிடிச்சு அதோட அனுப்புவன். கரண்ட் வந்த நேரம் பிள்ளை இறக்கிக் கேக்கும், விளங்காட்டி திருப்பிக் கேக்கும்.

ஆனா நான் எதிர்பாக்காத விசயம் ஒண்டு நடந்தது. கேள்வி கேக்கிறதெண்டால் எனக்குத் தனியா வொய்ஸ் அனுப்புங்கோ எண்டு சொல்லியிருந்தன். வகுப்பில வாய் திறக்காத பிள்ளையள் எல்லாம் ராவில அனுப்பத் தொடங்கிச்சினம். குரலைத் தாழ்த்தி, பின்னால அம்மா சமைக்கிற சத்தத்தோட, "ரீச்சர் இது பிழையோ தெரியேல்ல ஆனா கேக்கிறன்" எண்டு. எழுத்துப் பிழை விடுவமோ எண்ட பயமும் இல்லை, ஒருத்தரும் பாக்கவும் இல்லை. நான் அடுத்த நாள் பேர் சொல்லாமல் "நேற்று ஒரு பிள்ளை நல்ல கேள்வி ஒண்டு கேட்டது" எண்டு தொடங்கி எல்லாருக்கும் மறுமொழி அனுப்புவன். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் நான் அதை விடேல்ல. உங்கட பஸ் ஸ்டாப் பிள்ளையின்ர கேள்வியோடயே நாளைக்குப் பாடத்தைத் தொடங்கிப் பாருங்கோவன், பேர் சொல்லாமல்.

---

ரெண்டு பொண்ணுக்கு அம்மா:

நான் டீச்சர் இல்ல, ஆனா இந்த குரூப் விஷயத்துல ஒரு அம்மாவா சொல்லணும்னு தோணுச்சு. என் பெரிய பொண்ணு படிக்கறப்ப கிளாஸ் குரூப்ல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியற மாதிரி இருந்துச்சு. யாரோ ஒருத்தர் வீட்டு போன்ல இருந்து என் நம்பருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வர ஆரம்பிச்சுது, என் பொண்ணு அந்த போன்லதான் ஹோம்வொர்க் பாப்பா. யார்னு கண்டுபிடிச்சு நிறுத்தறதுக்குள்ள அவ பயந்து போய் குரூப்ப தொறக்கறதையே விட்டுட்டா. ஸ்கூல்ல யாரும் வேணும்னு பண்ணல, யோசிக்கல அவ்ளோதான்.

அதனால டீச்சர், சாதா குரூப்புக்கு பதிலா வாட்ஸ்அப் கம்யூனிட்டி வெச்சு அதுல அறிவிப்பு மட்டும் போடுங்க, அதுல சேந்தவங்களுக்கு மத்தவங்க நம்பர் தெரியாது. இல்லன்னா பிராட்காஸ்ட் லிஸ்ட், 256 பேர் வரைக்கும் சேக்கலாம், ஆனா உங்க நம்பர சேவ் பண்ணி வெச்சவங்களுக்குத்தான் போய்ச் சேரும், அத முன்னாடியே சொல்லிடணும். பசங்க போட்டோ, மார்க்கு லிஸ்ட்டு எதையும் குரூப்ல போடாதீங்க ப்ளீஸ். கொறஞ்ச மார்க்கு எடுத்த பிள்ளையோட அப்பா அத எந்த மனநிலையில பாப்பாருன்னு நமக்கு தெரியாது. 2023ல வந்த தனிநபர் தரவுச் சட்டத்துலயும் 18 வயசுக்கு கீழ இருக்கறவங்க விவரத்துக்கு பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு, புதுசா எந்த ஆப்ல பிள்ளைங்க பேர போடறதுக்கு முன்னாடியும் எங்கள ஒரு வார்த்தை கேளுங்க. ப்ளிக்கர்ஸ்ல முழுப்பேருக்கு பதிலா ரோல் நம்பர் மட்டும் போட்டாலே போதும்ல?

---

மேல்நிலை பிசிக்ஸ்:

போதும்மா, நானும் ரோல் நம்பர்தான் போடறேன். நல்லதா ஞாபகப்படுத்துனீங்க.

டீச்சர், லேப் பீரியடுக்கு ஒரு ஐடியா. பேட்லெட்னு ஒரு சைட்ல ஆன்லைன் போர்டு ஒண்ணு தொறந்து லிங்க் குடுத்தா பசங்க லாகின் இல்லாமயே கேள்விய ஒட்டலாம், பேர் வராது. ஆனா நீங்க பாத்து ஓகே பண்ணாதான் மத்தவங்களுக்கு தெரியற மாதிரி ஒரு செட்டிங் இருக்கு, அத மறக்காம போட்டுடுங்க, ஒன்பதாவது பசங்க வயசு அப்படி. இலவச கணக்குல கொஞ்சம் போர்டுதான் வெச்சுக்க முடியும், பழசு பிடிஎஃப் எடுத்துட்டு அழிச்சுக்கலாம். எந்த ஆப்பா இருந்தாலும் வேலைய வெளிய எடுத்து வெச்சுக்கற பழக்கம் நல்லது, கூகுள் ஜாம்போர்டுன்னு இதே மாதிரி ஒரு ஆன்லைன் போர்டு எத்தன கிளாஸ்ல ஓடிட்டிருந்துச்சு, 2024 டிசம்பரோட முடிஞ்சு போச்சு.

---

ஒன்பதாங்கிளாஸ் டீச்சர்:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பண்ணுனத சொல்றேன்.

யாழ் டீச்சர் சொன்ன மாதிரியே ஆரம்பிச்சேன். ஸ்லைடே போடல, திரை கறுப்பு. "நம்ம கிளாஸ்ல ஒருத்தர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க"ன்னு சொல்லிட்டு அந்த சுவிட்ச் கேள்விய போர்டுல கையால எழுதினேன். எழுதி முடிச்சு திரும்பறேன், கடைசி பெஞ்ச்ல அவ நிமிந்து உக்காந்திருக்கா. எலக்ட்ரான் ரொம்ப வேகமா ஓடுது, அதான் உடனே எரியுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒயருக்குள்ள அது நகர்றது ஒரு செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காதுன்னு சொன்னேன், கிளாஸே "ஹே"ன்னு கத்துச்சு. அப்ப எப்படி எரியுது மிஸ்னு முதல் தடவையா நடு பெஞ்ச்ல இருந்து ஒரு குரல்! வெளிய நிக்க வெச்சிருந்த சைக்கிள உள்ள கொண்டு வரச் சொன்னேன், ஸ்டாண்டு போட்டு பெடல லேசா அமுக்கச் சொன்னேன். பெடல் பக்கம் இருக்கற செயின் கண்ணி பின்சக்கரத்துக்கு போய்ச் சேரவே இல்ல, ஆனா சக்கரம் அப்பவே சுத்துது. ஏன்னா செயின் முழுக்க கண்ணி ஏற்கனவே இருக்கு. ஒயர் முழுக்க எலக்ட்ரானும் ஏற்கனவே இருக்கு, சுவிட்ச போட்ட உடனே எல்லாம் ஒண்ணா நகர ஆரம்பிக்குதுன்னு சொல்றதுக்குள்ள நாலஞ்சு பேர் அவங்களே சொல்லிட்டாங்க.

மறுநாள் கார்டு. காலண்டர் அட்டையில ஒட்டினோம், பசங்களே கத்தரிச்சாங்க. ரெண்டு பல்பு கேள்விக்கு பாதிக்கு மேல ஏ. பதில் சொல்லாம வாதாட விட்டேன், பக்கத்து கிளாஸ் சார் எட்டிப் பாத்துட்டு போற அளவுக்கு சத்தம். எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான், ஹெச்.எம் வந்துடுவாங்களோன்னு. ரெண்டாவது ஓட்டுல சி நல்லா ஏறுச்சு, ஆனா ஒன்பது பேர் ஏ-லயே நின்னாங்க. சிமுலேஷன் போட்டேன், ஆறு பேர் ஒத்துக்கிட்டாங்க. மூணு பேர் "அது கம்ப்யூட்டர்ல மிஸ், நெஜத்துல அப்படி இருக்காது"ன்னுட்டாங்க.

சாக்பீஸ் சார், அதனால நாளைக்கு செல்லும் டார்ச் பல்பும் வாங்கப் போறேன். அந்த மூணு பேர்தான் இணைக்கப் போறாங்க, இடத்த மாத்திப் போட்டும் பாக்கச் சொல்றேன். ரெண்டு பல்பு தொடர்ல போடறப்ப நல்லா எரியணும்னா எத்தன செல் வெக்கறது சார், ரெண்டு போதுமா மூணு வேணுமா?

---

சாக்பீஸ்:

மூணு வாங்கிக்கோங்க டீச்சர். முதல்ல ரெண்ட வெச்சு எரிய விடுங்க, மங்கலாதான் எரியும். மூணாவத சேத்தா என்ன ஆகும்னு அவங்ககிட்டயே கேளுங்க, கார்ட தூக்கச் சொல்லி.